நீடித்த வளர்ச்சி ஆய்வுகள் எந்தத் திசையில் போகின்றன? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

முதுகலை மாணவர்களுக்கும் முனைவர் பட்ட மாணவர்களுக்கும் ஆய்வு முறைகள் பற்றி வகுப்பெடுக்கும்போது, நீடித்த வளர்ச்சி என்ற பேச்சு வந்தாலே ஒரே மாதிரியான ஐயங்கள் எழுகின்றன. பொருளியல் மாணவர் கேட்பதையேதான் வேதியியல் மாணவரும் கேட்கிறார். அந்தக் கேள்விகளை அவர்கள் கேட்டபடியே இங்கே தொகுத்திருக்கிறேன். எளியவை முன்னால் இருக்கின்றன, சிக்கலானவை பின்னால்.

1. நீடித்த வளர்ச்சி என்றால் மரம் நடுவது, பிளாஸ்டிக்கைத் தவிர்ப்பது, அவ்வளவுதானே?

அவை அதில் ஒரு சிறு பகுதி. 1987-இல் நார்வேப் பிரதமர் குரோ ஹார்லெம் புருண்ட்லாண்ட் தலைமையிலான ஐ.நா. ஆணையம் தந்த விளக்கம்தான் இன்றும் எல்லா ஆய்வுகளிலும் எடுத்தாளப்படுகிறது: வருங்காலத் தலைமுறைகள் தங்கள் தேவைகளை நிறைவேற்றிக்கொள்ளும் வாய்ப்பைக் கெடுக்காமல், இன்றைய தலைமுறை தன் தேவைகளை நிறைவேற்றிக்கொள்வது. பலர் இந்த வாக்கியத்தோடு நிறுத்திவிடுகிறார்கள். உலகின் ஏழை மக்களுடைய அடிப்படைத் தேவைகளுக்கே முதலிடம் தர வேண்டும் என்று அதே விளக்கம் தொடர்ந்து சொல்கிறது. அதை விட்டுவிட்டால் இது வெறும் பசுமைப் பேச்சாகச் சுருங்கிவிடும்.

தஞ்சாவூரில் பிறந்து, கடைசிக் காலத்தில் மதுரை மாவட்டம் கல்லுப்பட்டியில் வாழ்ந்த பொருளியல் அறிஞர் ஜே.சி. குமரப்பா 1945-லேயே இந்த இடத்துக்கு வந்துவிட்டார். நிலக்கரி, பெட்ரோலியம் போல எடுக்க எடுக்கத் தீரும் வளங்களை நம்பிய பொருளாதாரம் வன்முறைக்கே இட்டுச் செல்லும் என்றும், ஆண்டுதோறும் இயற்கை புதுப்பித்துத் தரும் வளங்களை நம்பியதே நிலைக்கும் என்றும் அவர் வாதிட்டார். தமிழ்நாட்டு ஆய்வேடுகளில் புருண்ட்லாண்ட் தவறாமல் வருகிறார். குமரப்பாவும் வர வேண்டும்.

2. இந்தத் துறை எப்போது தொடங்கியது? ஒவ்வொரு புத்தகத்திலும் ஒவ்வோர் ஆண்டு போட்டிருக்கிறார்களே?

எதைத் தொடக்கம் என்று கொள்கிறோம் என்பதைப் பொறுத்தது. அரசியல் தொடக்கம் 1972. அவ்வாண்டு ஸ்டாக்ஹோமில் ஐ.நா.வின் மனிதச் சூழல் மாநாடு நடந்தது. அமெரிக்காவின் எம்.ஐ.டி.யைச் சேர்ந்த டொனெல்லா மெடோஸ், டென்னிஸ் மெடோஸ் குழுவினர், முடிவில்லாத வளர்ச்சியைப் பூமி தாங்காது என்று கணினி மாதிரியால் காட்டிய அறிக்கையும் அதே ஆண்டில்தான் வந்தது. 1992-இல் ரியோ மாநாடு இந்தப் பேச்சை அரசுகளின் கடமையாக்கியது.

தனி அறிவுத்துறையாக இது தலைநிமிர்ந்தது 2001-இல். ராபர்ட் கேட்ஸ் உள்ளிட்ட அறிஞர்கள் இயற்கையும் சமூகமும் ஒன்றையொன்று பாதிக்கும் விதத்தையே ஆய்வுப்பொருளாகக் கொள்ளும் ஒரு துறை வேண்டும் என்று 'சயின்ஸ்' இதழில் எழுதினார்கள். அதற்கு முன்பு சூழலியலாளர் காட்டைப் பார்த்தார், பொருளியலாளர் வருமானத்தைப் பார்த்தார். காட்டை நம்பி வாழும் குடும்பத்தைப் பார்க்க இருவரும் சேர்ந்து வர வேண்டியிருந்தது.

3. எம்டிஜி, எஸ்டிஜி இரண்டும் ஒன்றா? 17 இலக்குகளையும் மனப்பாடம் செய்ய வேண்டுமா?

ஒன்றல்ல. 2000-இல் வந்த புத்தாயிர வளர்ச்சி இலக்குகள் (எம்டிஜி) 8. அவை பெரும்பாலும் ஏழை நாடுகளுக்கு விதிக்கப்பட்டவை. 2015-இல் ஐ.நா. ஏற்ற நீடித்த வளர்ச்சி இலக்குகள் (எஸ்டிஜி) 17. அவற்றின் கீழ் 169 குறிக்கோள்கள் இருக்கின்றன. இவை பணக்கார நாடுகளுக்கும் பொருந்தும், 2030 வரை கெடு. ஆய்வுலகில் பெரிய திருப்பம் இங்கேதான் நிகழ்ந்தது. அதுவரை வளர்ச்சி ஆய்வு என்றால் வறுமையில் உள்ள நாடுகளைப் பற்றியது. 2015-க்குப் பிறகு ஜெர்மனியின் நுகர்வும் ஜப்பானின் கழிவும் அதே சட்டகத்துக்குள் வந்தன.

மனப்பாடம் தேவையில்லை. உங்கள் தலைப்பு எந்தக் குறிக்கோளின் கீழ் வருகிறது, அதை அளக்கும் குறியீடு எது என்று தெரிந்தால் போதும். இலக்கின் பெயரோடு நின்றுவிடாதீர்கள். குறியீடு வரை இறங்கிப் படியுங்கள்.

4. இப்போதைய ஆய்வுகளில் எந்தப் போக்கு மேலோங்கி நிற்கிறது? ஒரே ஒரு போக்கைச் சொல்லுங்கள்.

இலக்குகளைத் தனித்தனியே பார்ப்பதை விட்டு, ஓர் இலக்கை நோக்கி நகரும்போது மற்றோர் இலக்குக்கு என்ன ஆகிறது என்று பார்ப்பது. 2016-இல் மான்ஸ் நில்சன், டேவிட் கிரிக்ஸ், மார்ட்டின் விஸ்பெக் ஆகிய மூவர் 'நேச்சர்' இதழில் இதற்கு ஓர் அளவுகோலை முன்வைத்தார்கள். ஒன்று மற்றொன்றை முற்றிலும் முடக்கினால் கழித்தல் 3, பிரிக்கவே முடியாதபடி சேர்ந்து வளர்ந்தால் கூட்டல் 3, இடையில் ஐந்து நிலைகள். அதன்பின் இந்த வகை ஆய்வு பெருகிவிட்டது.

ஒரு கிணற்றடிக்குப் போய்ப் பார்த்தால் இது தெளிவாகும். டீசல் மோட்டார் வைத்திருக்கும் விவசாயி, பயிருக்குத் தண்ணீர் போதும் என்றதும் நிறுத்திவிடுகிறார். ஒவ்வொரு மணி நேரமும் காசு எரிகிறது. அவருக்குச் சூரியசக்தி மோட்டார் கிடைத்தால் புகை நிற்கிறது, செலவு குறைகிறது, வருமானம் கூடுகிறது. தூய எரிசக்தி, வறுமை ஒழிப்பு ஆகிய இரு இலக்குகளுக்கும் கூட்டல் மதிப்பெண். ஆனால் வெயிலுக்கு விலை கிடையாது. மோட்டாரை நிறுத்த எந்தக் காரணமும் இல்லாதபோது அது பகல் முழுக்க ஓடும், பக்கத்துத் தோட்டத்துக் கிணறும் வற்றும். தண்ணீர் இலக்குக்குக் கழித்தல். விவசாய மின்சாரம் இலவசமாக இருக்கும் தமிழ்நாட்டில் இந்தக் கழித்தலைப் பல வட்டாரங்களின் நிலத்தடி நீர்மட்டத்திலேயே பார்க்கலாம்.

இத்தகைய ஆய்வு சிக்கலைச் சுட்டிக்காட்டுவதோடு நிற்பதில்லை. குஜராத்தின் கேடா மாவட்டம் துண்டி கிராமத்தில், பன்னாட்டு நீர் மேலாண்மை நிறுவனத்தின் துணையோடு சில விவசாயிகள் கூட்டுறவுச் சங்கம் அமைத்து, உபரி மின்சாரத்தை மின்வாரியத்துக்கு விற்றார்கள். மோட்டாரை நிறுத்தினால் வருமானம் வரும் என்றானதும், தண்ணீரைச் சேமிக்க ஒரு காரணம் பிறந்தது. நான் இந்தத் துறையை மதிப்பதற்கு இத்தகைய ஆய்வுகளே காரணம்.

5. நல்ல நோக்கத்தோடு செய்தாலும் இலக்குகள் மோதுமா?

மோதும். நோக்கம் நல்லதாக இருப்பதாலேயே மோதலை யாரும் முன்கூட்டித் தேடுவதில்லை. 2021-இல் இலங்கை அரசு இரசாயன உர இறக்குமதிக்கு ஒரே அடியாகத் தடை விதித்தது. மண்வளமும் மக்கள் நலமும் காரணங்களாகச் சொல்லப்பட்டன. அன்னியச் செலாவணி நெருக்கடியும் பின்னால் இருந்தது. இயற்கை உரம் போதிய அளவில் கிடைக்கவில்லை, மாறுவதற்கு அவகாசமும் தரப்படவில்லை. நெல் விளைச்சல் கடுமையாகச் சரிந்தது, தேயிலையும் பாதிக்கப்பட்டது. அதே ஆண்டு நவம்பரில் தடை விலக்கப்பட்டது.

இதை வைத்து இயற்கை வேளாண்மை பொய் என்று எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். அது அவசர முடிவு. கொள்கையின் வேகம், இடைக்கால ஏற்பாடு, விவசாயியின் தோளில் ஏறிய பொறுப்பு ஆகியவையே இங்கே ஆராய வேண்டியவை. மாற்றத்தின் இலக்கைப் போலவே மாற்றம் நடக்கும் விதத்தையும் ஆராய்வது இப்போது ஒரு தனிக் கிளையாகவே வளர்ந்திருக்கிறது.

6. கோள் எல்லைகள் என்று எல்லாக் கட்டுரையிலும் வருகிறதே, அது என்ன?

2009-இல் ஜோஹன் ராக்ஸ்ட்ரோம் தலைமையிலான குழு, பூமியின் நிலைப்பாட்டைக் காக்கும் ஒன்பது செயல்பாடுகளை அடையாளம் கண்டது. காலநிலை, உயிரினங்களின் நிலை, நிலப்பயன்பாடு, நன்னீர், நைட்ரஜன்–பாஸ்பரஸ் சுழற்சி, கடல் அமிலமாதல், காற்றிலுள்ள துகள்கள், ஓசோன் படலம், மனிதர் உருவாக்கிய புதிய வேதிப்பொருட்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு பாதுகாப்பு வரம்பு. 2023-இல் வந்த மறுமதிப்பீடு, ஒன்பதில் ஆறு வரம்புகளைத் தாண்டிவிட்டோம் என்றது.

இந்தச் சட்டகத்தின் குறையை அதன் ஆதரவாளர்களே பேசுகிறார்கள். பூமிக்கு எது பாதுகாப்பு என்று அது சொல்லும், பூமியில் யாருக்குப் பாதுகாப்பு என்று சொல்லாது. கேட் ராவொர்த் 2012-இல் இதற்குள் ஒரு சமூக அடித்தளத்தைச் சேர்த்து, மேலே சூழல் வரம்பும் கீழே மனிதத் தேவையும் கொண்ட வளையமாக வரைந்தார். 2023-இல் ஜோயீதா குப்தா இணைத் தலைவராக இருந்த பூமி ஆணையம் இன்னும் ஒரு படி போனது. பூமியின் இயக்கம் குலையாமலிருக்க வெப்ப உயர்வு 1.5 டிகிரிக்குள் நிற்க வேண்டும். மக்களுக்குப் பெருந்தீங்கு நேராமலிருக்க 1 டிகிரிக்குள் நின்றிருக்க வேண்டும் என்று அது கணக்கிட்டது. அந்த 1 டிகிரியை நாம் ஏற்கெனவே தாண்டிவிட்டோம். இரண்டு எண்களுக்கும் நடுவிலுள்ள அந்த அரை டிகிரியில் வாழ்கிறவர்கள் யார் என்ற கேள்வி, கடற்கரை மீனவக் குப்பங்களுக்கும் வெயிலில் வேலை செய்யும் கட்டடத் தொழிலாளர்களுக்கும் நேரடியாகப் பொருந்தும்.

7. வளர்ச்சியே வேண்டாம் என்று சில அறிஞர்கள் சொல்கிறார்களாமே? நம்மைப் போன்ற நாடு இதை எப்படி ஏற்கும்?

அவர்கள் சொல்வது பெரும்பாலும் பணக்கார நாடுகளுக்கு. ஜேசன் ஹிக்கெல், யோர்கோஸ் காலிஸ் போன்றோர், தேவைக்கு மிஞ்சி நுகரும் நாடுகள் திட்டமிட்டுத் தங்கள் பொருள் நுகர்வைக் குறைக்க வேண்டும் என்கிறார்கள். ஏழை நாட்டில் பள்ளிக்கூடம் கட்டாதே என்று யாரும் சொல்லவில்லை. எதிர்த்தரப்பு, தொழில்நுட்பம் முன்னேறினால் மாசைக் கூட்டாமலேயே வருமானத்தைக் கூட்டலாம் என்கிறது.

இந்த விவாதத்தில் நுழைபவர்கள் 2020-இல் ஹெல்முட் ஹேபெர்ல் குழு வெளியிட்ட ஆய்வைப் படித்துவிட்டு நுழைய வேண்டும். 835 கட்டுரைகளை அவர்கள் தொகுத்துப் பார்த்தார்கள். வருமானம் வளரும் வேகத்தைவிட மாசு வளரும் வேகம் குறைவது பல இடங்களில் நடக்கிறது. வருமானம் ஏற மாசு உண்மையிலேயே இறங்கிய இடங்கள் குறைவு. இறங்கிய இடங்களிலும் காலநிலை இலக்குக்குத் தேவையான வேகத்தில் இறங்கவில்லை.

நம் பக்கத்து வாதத்துக்கு 1991 வரை போக வேண்டும். அனில் அகர்வாலும் சுனிதா நாராயணும் அவ்வாண்டு எழுதிய அறிக்கை, நெல்வயலிலிருந்து வரும் மீத்தேனையும் பணக்கார நாட்டுக் காரிலிருந்து வரும் புகையையும் ஒரே தட்டில் வைத்து நிறுப்பது அநீதி என்றது. பிழைப்புக்கான உமிழ்வு வேறு, சொகுசுக்கான உமிழ்வு வேறு. அந்த வேறுபாடு இன்றும் உலக ஆய்வுகளில் உயிரோடு இருக்கிறது.

8. செயற்கைக்கோளும் ஏஐயும் வந்துவிட்டன. இனிமேல் களப்பணி எதற்கு?

2009-இல் மேத்யூ ரோடெல் குழு, கிரேஸ் செயற்கைக்கோள்கள் அளந்த புவியீர்ப்பு மாற்றத்தை வைத்தே, ராஜஸ்தான், பஞ்சாப், அரியானா பகுதிகளில் 2002 முதல் 2008 வரை 109 கன கிலோமீட்டர் நிலத்தடி நீர் குறைந்ததாகக் கணக்கிட்டது. ஒரு கிணற்றையும் எட்டிப் பார்க்காமல் கிடைத்த முடிவு. 2016-இல் ஸ்டான்போர்ட் ஆய்வாளர்கள் பகல் படங்களையும் இரவு வெளிச்சத்தையும் கணினிக்குக் கற்பித்து, ஐந்து ஆப்பிரிக்க நாடுகளில் வறுமை எங்கே இருக்கிறது என்று மதிப்பிட்டார்கள். இவை உண்மையான சாதனைகள்.

ஆனால் அந்தக் கணினிக்குச் சரி எது, தவறு எது என்று சொல்லிக்கொடுத்தவை வீடு வீடாகப் போய் எடுத்த கணக்கெடுப்புகள். களத்தரவு பழையதானால் கணினியின் விடையும் பழையதாகும். கூரை ஓலையா, தகரமா என்று படத்தில் தெரியும். அந்த வீட்டுப் பெண்ணின் பெயரில் பட்டா இருக்கிறதா என்று தெரியாது. ஏஐயைப் பொறுத்தவரை, 2020-இல் ரிக்கார்டோ வினுவேசா குழு 169 குறிக்கோள்களையும் அலசி, 134-க்கு அது துணைசெய்யலாம், 59-க்குத் தடையாகலாம் என்றது. ஒரே குறிக்கோள் இரண்டு பக்கமும் இருக்கலாம் என்பதைக் கவனியுங்கள்.

9. ஒரு ஆய்வால் உண்மையில் ஏதாவது மாறியிருக்கிறதா? ஒரு எடுத்துக்காட்டாவது கொடுங்கள்.

குஜராத்தில் மாசுபடுத்தும் தொழிற்சாலைகளைத் தணிக்கை செய்யும் தனியார் தணிக்கையாளருக்கு, அந்தத் தொழிற்சாலையே ஆளைத் தேர்ந்தெடுத்துக் கட்டணமும் கொடுத்துவந்தது. அவர்கள் தந்த அறிக்கைகளில் மாசு அளவு பெரும்பாலும் சட்ட வரம்புக்குச் சற்றுக் கீழேயே நின்றது. எஸ்தர் டுஃப்லோ, மைக்கேல் கிரீன்ஸ்டோன், ரோகிணி பாண்டே, நிக்கோலஸ் ரயன் ஆகியோர் மாநில மாசுக்கட்டுப்பாட்டு வாரியத்தோடு சேர்ந்து ஒரு களச்சோதனை நடத்தினார்கள். ஒரு பகுதித் தொழிற்சாலைகளுக்கு மட்டும் தணிக்கையாளரைக் குலுக்கல் முறையில் ஒதுக்கினார்கள், பொது நிதியிலிருந்து நிலையான கட்டணம் கொடுத்தார்கள், சில அளவீடுகளை வேறு ஆட்களை அனுப்பி மீண்டும் சரிபார்த்தார்கள்.

புகைபோக்கி அதே, தணிக்கையாளரும் அதே வகையினர். சம்பளம் வரும் வழி மாறியதும் அறிக்கைகளில் உண்மை எண் வந்தது. அதைக் கண்ட தொழிற்சாலைகள் மாசையும் குறைத்தன. ஆய்வு 2013-இல் வெளிவந்தது, 2015-இல் வாரியம் குலுக்கல் ஒதுக்கீட்டை விதியாகவே கொண்டுவந்தது. அதன் தொடர்ச்சியாக 2019-இல் சூரத்தில் துகள் மாசுக்கான உலகின் முதல் உமிழ்வுச் சந்தை, அதாவது மாசு வெளியிடும் உரிமத்தை ஆலைகள் வாங்கி விற்கும் ஏற்பாடு, தொடங்கியது. அதில் பங்கேற்ற ஆலைகளின் துகள் மாசு 20 முதல் 30 சதவீதம் குறைந்தது.

இந்த முறைக்கும் எல்லை உண்டு. குலுக்கிப் பிரிக்க முடிந்த கேள்விகளுக்குத்தான் இது பதில் தரும். ஓர் ஆற்றையோ ஒரு நாட்டின் வரிக் கொள்கையையோ அப்படிப் பிரிக்க முடியாது.

10. உலகில் இந்தத் துறையில் மொத்தம் எத்தனை கட்டுரைகள் வருகின்றன?

ஒரு எண்ணைச் சொன்னால் அதை நம்பாதீர்கள். எது நீடித்த வளர்ச்சிக் கட்டுரை என்று முடிவு செய்வது தேடுசொல் பட்டியல். பட்டியல் மாறினால் எண்ணும் மாறும். 2020-இல் நார்வேயின் பெர்கன் பல்கலைக்கழக நூலகத்தினர் தங்கள் பட்டியலையும் ஒரு பெரிய பதிப்பகத்தின் பட்டியலையும் அருகருகே வைத்துப் பார்த்தார்கள். இரண்டிலும் பொதுவாக வந்த கட்டுரைகள் சிறு பங்குதான். எந்த நாடு முன்னணியில் இருக்கிறது என்ற வரிசைகூட மாறியது.

ஆகவே உங்கள் ஆய்வில் கட்டுரைகளை எண்ணிக் காட்டும் நூலளவியல் அட்டவணை போட்டால், தேடுசொற்களை முழுமையாகக் கொடுங்கள். "ஸ்கோபஸ் தரவுத்தளத்தில் தேடினேன்" என்ற ஒரு வரி போதாது.

11. கட்டுரையில் கட்டாயம் ஒரு எஸ்டிஜி எண் போட வேண்டும் என்று எங்கள் கல்லூரியில் சொல்கிறார்கள். எதற்கு?

2019 முதல் டைம்ஸ் உயர்கல்வி நிறுவனம் இந்த இலக்குகளை வைத்துப் பல்கலைக்கழகங்களைத் தரவரிசைப்படுத்தத் தொடங்கியது. அதில் ஆய்வுக் கட்டுரைகளுக்கும் பங்கு உண்டு. இந்தியப் பல்கலைக்கழகங்கள் பெரும் எண்ணிக்கையில் கலந்துகொள்கின்றன. அங்கிருந்து வருகிறது இந்த அழுத்தம்.

எண் போடுவதில் தவறில்லை, எழுதிய பிறகு ஒட்டுவதில்தான் தவறு. ஒரு வினையூக்கியைப் பற்றிய வேதியியல் கட்டுரையின் கடைசிப் பத்தியில் "இது இலக்கு 7-க்கு (தூய எரிசக்தி) உதவும்" என்று சேர்ப்பதால் யாருக்கும் வெளிச்சம் கிடைக்காது. எந்தக் குறிக்கோள், எந்த வழியில், யாருக்கு என்று மூன்று வாக்கியம் எழுத முடியாவிட்டால் எண் போட வேண்டாம் என்பதே என் கருத்து. 10-வது பதிலில் சொன்ன எண்ணிக்கைக் குழப்பத்துக்கு இந்த ஒட்டு எண்களும் ஒரு காரணம்.

12. தமிழ்நாட்டுக்கு 78 மதிப்பெண் என்று செய்தியில் படித்தேன். அதை ஆய்வில் பயன்படுத்தலாமா?

அது நீடித்த வளர்ச்சி இலக்குகளில் மாநிலங்களின் நிலையை அளந்து நிதி ஆயோக் 2018 முதல் வெளியிடும் குறியீடு. 2023–24 பதிப்பில் கேரளமும் உத்தராகண்டும் 79, தமிழ்நாடு 78, நாடு முழுவதற்கும் 71. பயன்படுத்தலாம், ஆனால் அதை மட்டும் வைத்து முடிவு சொல்லக் கூடாது. பல குறியீடுகளைக் கூட்டிச் சராசரி எடுக்கும்போது, ஒன்றில் உள்ள உயரம் மற்றொன்றில் உள்ள பள்ளத்தை மூடிவிடும். 4-வது பதிலில் பார்த்த மின்சாரமும் நிலத்தடி நீரும் அப்படித்தான் ஒரே சராசரிக்குள் ஒளிந்துகொள்கின்றன. மாவட்ட அளவுக்கு, முடிந்தால் வட்டார அளவுக்கு இறங்குங்கள்.

13. இத்தனை ஆய்வுக்குப் பிறகும் 2030-க்குள் இலக்குகளை எட்டுவோமா?

எட்ட மாட்டோம். ஐ.நா.வின் 2024 அறிக்கை, மதிப்பிட முடிந்த குறிக்கோள்களில் 17 சதவீதம் மட்டுமே சரியான பாதையில் செல்வதாகவும், மூன்றில் ஒரு பங்குக்கு மேல் தேங்கிவிட்டதாக அல்லது பின்னோக்கிச் செல்வதாகவும் கூறியது.

ஏன் என்பதற்கு உத்ரெக்ட் பல்கலைக்கழகத்தின் பிராங்க் பியர்மன் குழு 2022-இல் ஒரு விடை தந்தது. 3,000-க்கும் மேற்பட்ட ஆய்வுகளைத் தொகுத்து அவர்கள் கண்டது: இந்த இலக்குகள் அரசுகளின் பேச்சை மாற்றின, சட்டத்தையும் நிதி ஒதுக்கீட்டையும் மாற்றியது மிகக் குறைவு. அமைச்சகத்தின் சுவரில் 17 வண்ணக் கட்டங்கள் வந்துவிட்டன, வரவுசெலவுத் திட்டம் பழையபடியே இருக்கிறது. எனக்கு மிகுந்த வருத்தம் தந்த ஆய்வு இது. இந்தத் துறையில் இருக்கும் ஒவ்வொருவரும் படிக்க வேண்டியதும் இதுதான்.

14. ஆய்வுகளை யார் செய்கிறார்கள்? பெரும்பாலும் வெளிநாட்டுப் பெயர்களாகவே இருக்கின்றனவே?

சரியாகக் கவனித்திருக்கிறீர்கள். இந்தப் பக்கத்தின் பதில்களிலும் அந்தச் சாய்வு தெரிகிறது. பாதிப்பு அதிகமுள்ள நாடுகள் ஒரு பக்கம், பணமும் ஆய்விதழ்களும் உள்ள நாடுகள் மறுபக்கம். வெளியிலிருந்து வந்து மாதிரி எடுத்துக்கொண்டு போய், உள்ளூர் ஆய்வாளர் பெயர்கூட இல்லாமல் வெளியிடும் வழக்கம் நெடுநாளாக இருக்கிறது. 2022-இல் கேப் டவுனில் நடந்த ஆய்வு நேர்மை மாநாட்டின் தொடர்ச்சியாக, இந்த ஏற்றத்தாழ்வும் ஆய்வு நேர்மைக் குறைவே என்று ஓர் அறிக்கை வெளியானது. களத்தில் அலைந்தவரின் பெயரை விடுவது, தரவைத் திரிப்பதோடு சேர்த்து எண்ணப்பட வேண்டிய தவறு என்று அந்த அறிக்கையை நான் புரிந்துகொள்கிறேன்.

வெளிநாட்டுக் குழுவோடு சேர்ந்து வேலை செய்யும் வாய்ப்பு வந்தால், தரவு யாரிடம் இருக்கும், ஆசிரியர் வரிசை எப்படி, முடிவை ஊர் மக்களுக்கு யார் சொல்வது என்ற மூன்றையும் தொடக்கத்திலேயே எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

15. கட்டுரை படிக்கப் பணம் கேட்கிறார்கள், வெளியிடவும் பணம் கேட்கிறார்கள். என்ன செய்வது?

படிப்பதற்கு: 2025 ஜனவரியில் தொடங்கிய 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டத்தில் 30 பதிப்பகங்களின் ஏறக்குறைய 13,000 இதழ்கள் அரசு உயர்கல்வி நிறுவனங்களுக்குத் திறந்துவிடப்பட்டுள்ளன. உங்கள் நூலகரிடம் கேளுங்கள். அரசு நிறுவனத்தில் இல்லாதவர்கள் ஆசிரியருக்கே மின்னஞ்சல் எழுதிக் கேட்கலாம். பலர் மகிழ்ச்சியோடு அனுப்புகிறார்கள்.

வெளியிடுவதற்கு: இந்தத் துறை புகழ்பெற்றதால் போலி இதழ்களும் பெருகிவிட்டன. ஒரு வாரத்தில் ஏற்றுக்கொள்கிறோம் என்று வாக்குத் தரும் இதழை, மதிப்பீட்டாளரின் கருத்துகளே வராத இதழை, உங்கள் துறைக்குத் தொடர்பில்லாத சிறப்பிதழுக்கு அழைக்கும் இதழைத் தவிர்த்துவிடுங்கள். பணம் கட்டாமல் வெளியிடும் தரமான இதழ்கள் இருக்கின்றன. காத்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

16. அமெரிக்கா இந்த இலக்குகளையே நிராகரித்துவிட்டது. இந்தத் துறைக்கு இனி எதிர்காலம் உண்டா?

2025 மார்ச்சில் ஐ.நா. பொதுச்சபையில் அமெரிக்கா அப்படித்தான் அறிவித்தது. ஆய்வுலகை அதைவிடக் கடுமையாகத் தாக்கியது அதே ஆண்டு பிப்ரவரியில் நடந்தது. அமெரிக்க அரசின் பன்னாட்டு உதவி நிறுவனமான யுஎஸ்எய்டின் நிதியில் 1984 முதல் 90-க்கும் மேற்பட்ட நாடுகளில் நடந்துவந்த மக்கள்தொகை, சுகாதாரக் கணக்கெடுப்புத் திட்டம் நிறுத்தப்பட்டது. பல ஏழை நாடுகளில் தாய் சேய் நலம், ஊட்டச்சத்து பற்றி நம்பத்தக்க ஒரே தரவு அதுதான். 8-வது பதிலில் சொன்னபடி, செயற்கைக்கோள் கணிப்புகளும் அத்தகைய கணக்கெடுப்புகளின் மேல்தான் நிற்கின்றன. நம் நாட்டிலும் 2011-க்குப் பிறகு மக்கள்தொகைக் கணக்கெடுப்பு தள்ளிப்போய், 2027-க்கு அறிவிக்கப்பட்டிருக்கிறது.

துறை நின்றுவிடாது. 2030-க்குப் பிறகு என்ன, நாட்டின் உற்பத்தி மதிப்புக்குப் பதில் எதை அளப்பது என்ற கேள்விகள் இப்போதே சூடுபிடித்துவிட்டன. பழைய தரவுத் தொடரைக் காப்பாற்றுவதும், அறுந்த இடத்தில் உள்நாட்டு ஏற்பாட்டை உருவாக்குவதும் அவற்றைவிட அவசரமான வேலை.

17. எனக்குத் தலைப்பு இன்னும் கிடைக்கவில்லை. ஏதாவது ஒன்று சொல்ல முடியுமா?

தலைப்பைத் தேடி நெடுந்தொலைவு போக வேண்டாம், உங்கள் ஊர்க் கண்மாயிலேயே தொடங்கலாம். தமிழ்நாட்டில் சுமார் 39,000 ஏரி, கண்மாய்கள் உள்ளன. பொதுவளத்தை ஊரார் தாங்களே விதி வகுத்துக் காக்க முடியும் என்று 1990-இல் உலக எடுத்துக்காட்டுகளோடு நிறுவியவர் எலினார் ஆஸ்ட்ரம். 2009-இல் பொருளியல் நோபல் பெற்ற முதல் பெண். நம் கண்மாய்களில் மடை திறக்கும் நீர்பாய்ச்சி, தண்ணீர் விடும் முறை, குடிமராமத்து எல்லாம் அவர் சொன்ன விதிகளோடு வைத்துப் பார்க்கத் தக்கவை.

இதில் புதிய கேள்விகள் காத்திருக்கின்றன. ஆழ்துளைக் கிணறு வைத்திருப்பவர் கண்மாய்க் கூட்டத்துக்கு வருவதை நிறுத்தியது எப்போது? நீர்பாய்ச்சிக்குக் களத்தில் நெல் அளந்து கொடுத்த வழக்கம் என்ன ஆனது? நிலமில்லாதவருக்கும் பெண்களுக்கும் அந்தப் பழைய ஏற்பாட்டில் குரல் இருந்ததா? கடைசிக் கேள்வியைக் கட்டாயம் கேளுங்கள். பழையது என்பதால் ஓர் ஏற்பாடு நியாயமானதாகிவிடாது, நம் ஊர்களில் சாதி மடை வரைக்கும் வந்திருக்கிறது.

18. தமிழில் எழுதினால் ஆய்வாக ஏற்றுக்கொள்வார்களா?

பதவி உயர்வுக் கணக்கில் ஆங்கிலக் கட்டுரைக்கு இருக்கும் மதிப்பு இதற்குப் பல இடங்களில் இல்லை. அறிவுக் கணக்கு வேறு. 2016-இல் தத்சுயா அமானோ குழு, 2014-இல் வெளியான உயிரினப் பாதுகாப்பு ஆவணங்களை 16 மொழிகளில் தேடியபோது, மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஆங்கிலம் அல்லாத மொழிகளில் இருந்தன. உலக அளவிலான தொகுப்பாய்வுகள் அவற்றில் பெரும்பகுதியைப் பார்ப்பதே இல்லை.

இரண்டையும் செய்யுங்கள். ஆங்கிலக் கட்டுரை வெளிவந்ததும், அதே முடிவை நான்கு பக்கத் தமிழ் அறிக்கையாக எழுதி, உங்களுக்குத் தகவல் தந்த ஊராட்சி அலுவலகத்திலும் விவசாயிகள் சங்கத்திலும் கொடுங்கள். எண்களில் பிழை இருந்தால் முதலில் சொல்பவர்கள் அவர்களாகத்தான் இருப்பார்கள். ஆகவே முடிந்தால், கட்டுரையை இதழுக்கு அனுப்பும் முன்பே அந்தத் தமிழ் அறிக்கையைக் கொடுத்துவிடுங்கள்.